போத்தல் கொட்டிலுக்கு யார் காவல்?

இந்த ஆவணியில் ஒரு காலை. எங்கள் ஊர் போத்தல் கொட்டிலின் அறிவிப்புப் பலகையில் ஒரு சொப்பிங் பை தொங்கிக்கொண்டிருந்தது.

பலகையில் என்ன எழுதியிருக்கிறது? 'இங்கே குப்பை கொட்டாதீர்கள்.' சிவப்புப் பெயின்ட், நல்ல பெரிய எழுத்து. எழுதியது நான். அந்தப் பலகையை அடித்த ஆணியிலேயே பையை அழகாக மாட்டிவிட்டுப் போயிருந்தார் ஒரு புண்ணியவான். உள்ளே... கோழிக்குடல்.

"பார்த்தியா கா!" என்றார் என் மச்சாள். "கொட்டாதே எண்டுதானே எழுதினாய். மாட்டாதே எண்டு எழுதல்லையே. ஆள் சட்டப்படிதான் நடந்திருக்கான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மச்சாளுக்கும் உண்மையில் வரவில்லை. அவர் சிரித்தால் ஒரு கன்னம் குழியும். அன்று குழியவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு யோகம் மச்சாளைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் அண்ணனின் மனைவி. எங்கள் மாதர் சங்கத்தின் தலைவி. நான் நாலு பேர் கூடிய இடத்தில் தொண்டை அடைத்துப்போகிற ஆள். அவர் நாற்பது பேர் கூடினால்தான் தொண்டை திறக்கிற ஆள். ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்ட எனக்கு எழுத்து எப்படியோ ஒட்டிக்கொண்டது. பேச்சு ஒட்டவில்லை. அதனால் சங்கத்தில் மச்சாள் பேசுவார், நான் பலகை எழுதுவேன்.

கொட்டில் என்பது வாவிக் கரையில், தோணிகள் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற, வேலியும் கதவும் போட்ட ஒரு தகரக் கூரை. அதன் சரியான பெயர் 'சமூக மீள்சுழற்சி நிலையம்'. அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. சொல்லி முடிப்பதற்குள் போத்தலைப் போட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடலாம். ஊர்ச் சனம் பிளாஸ்டிக் போத்தல், கார்ட்போர்ட், டின் எல்லாம் கொண்டுவந்து போடும். சங்கப் பெண்கள் இருந்து தரம் பிரித்து மூட்டை கட்டுவார்கள். சனிக்கிழமை வாழைச்சேனைப் பக்கமிருந்து ஒரு லொறி வந்து ஏற்றிப்போகும். அந்த வருமானத்தை நம்பி ஆறேழு வீடுகளில் அடுப்பு எரிகிறது.

இது எப்படித் தொடங்கியது என்று கேட்டால், என் அண்ணனின் வலையில்தான். ஒருநாள் விடிய வலையை இழுத்தால் மீனைவிடப் பொலித்தீன்தான் அதிகம். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் வலையை அப்படியே கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். மச்சாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் பிரதேச சபை வாசலில் நின்றார். அதற்கடுத்த நாளும் நின்றார். இந்தத் துண்டு நிலம் கிடைக்கும்வரை நின்றார். அவ்வளவுதான் கதை.

ஆனால் ஓரிடத்தில் போத்தல் சேர்கிறது என்று தெரிந்தால் போதும்... மனிதருக்கு என்ன தோன்றுகிறது? 'ஓகோ, குப்பை போடுகிற இடம் இதுதான்!' முதலில் ஒரு பை. பிறகு குழந்தைகளின் பம்பர்ஸ். பிறகு மீன் செதில், இளநீர் குடித்து எறிந்த குரும்பைக் கோம்பை, உடைந்த கொமட், யாரோ படுத்துச் சலித்த மெத்தை. குப்பை குப்பையைக் கூப்பிடும் என்பது எங்கள் கொட்டிலடியில் நான் கண்ட உண்மை. வெளியூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, வேகத்தைக் குறைக்காமலே வீசிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஹெல்மெட் உயிரைக் காக்கும் என்பார்கள். அது முகத்தையும் காக்கும்.

பீ.எச்.ஐ. ஐயா, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்தார். இளம் ஆள், மரியாதையான ஆள். கோம்பைகளைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

"அக்கா, மாரி தொடங்கினா இதுக்குள்ள எல்லாம் தண்ணி நிக்கும். நுளம்புப் பண்ணையாத்தான் போகும். பக்கத்தில பள்ளிக்கூடம் வேற."

"நாங்க கொட்டல்லையே ஐயா. நாங்க பொறுக்கிற ஆக்கள்," என்றார் மச்சாள்.

"தெரியும் அக்கா. ஆனா சபைக்கு ஆர் கொட்டின எண்டு தேவையில்ல. எங்க கிடக்கு எண்டுதான். மழைக்கு முன்னம் இது இப்பிடியே கிடந்தா, நான் பூட்டுப் போடத்தான் வேணும். கோவிக்காதீங்க."

அவர் போன பிறகு மச்சாள் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். "பூட்டு விழுந்தா இந்தப் பொம்பிளையளுக்கு நான் என்ன சொல்லுற?" என்று மட்டும் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. வாவியைப் பார்த்துக் கேட்டார்.

பலகை சரிவரவில்லை என்றதும் கமரா. பழைய இரும்போடு வந்த செத்துப்போன கமரா ஒன்றைத் துடைத்துக் கம்பத்தில் கட்டினோம். வேலை செய்யாது, ஆனால் பார்ப்பதுபோல இருக்கும். இரண்டே கிழமை. ஒரு காலை போய்ப் பார்த்தால் கமராவைக் காணவில்லை. கழற்றிக்கொண்டு போனவர் நேர்மையான ஆள் — பதிலுக்கு ஒரு பை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அப்போதுதான் மச்சாளுக்கு அந்த யோசனை வந்தது.

மட்டக்களப்பு என்றதும் வெளியூர்க்காரர் முதலில் கேட்பது என்ன? "உங்கட ஊருக்கு வந்தா பாயோட ஒட்டிருவீங்களாமே?" கொழும்பில் கேட்டிருக்கிறார்கள், யாழ்ப்பாணத்தில் கேட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என் ஊரைக் கேட்டதும், நான் நீட்டிய டொபியை வாங்காமலே விட்டிருக்கிறார். வந்த ஆளை எழும்பிப் போகவிடாமல் பாயோடு கட்டிப்போடுகிற மந்திரம் தெரிந்த ஊர் என்று எங்களுக்கு அப்படி ஒரு பெயர்.

"அந்தப் பேரால எங்களுக்கு இவ்வளவு நாளும் என்ன பிரயோசனம்?" என்றார் மச்சாள். "இப்ப பாவிப்பம்."

கழிப்பு தெரியும்தானே? வீட்டில் நோயோ கண்ணூறோ என்றால் பூசாரியை வைத்துக் கழித்து, அந்தத் தேசிக்காய், பூ, கரி எல்லாவற்றையும் முச்சந்தியில் கொண்டுபோய்ப் போடுவார்கள். அதை யாரும் மிதிக்க மாட்டார்கள். தாண்டவும் மாட்டார்கள். சைக்கிளில் வருகிறவர்கூட இறங்கி உருட்டிக்கொண்டு ஓரமாகப் போவார்.

நல்ல உச்சி வெயில். ஊர் சாப்பிட்டுக் கண் அயர்ந்த நேரம். நாங்கள் இரண்டு பேரும் கொட்டிலடிக்குப் போனோம். தேசிக்காய்களை வெட்டிக் குங்குமம் தடவினேன். மச்சாள் செவ்வரத்தம்பூவைக் கிள்ளிப் போட்டார். ஒரு சிரட்டையில் கரி, கொஞ்சம் சாம்பல். குப்பை விழுகிற இடத்தைச் சுற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தோம். பொய்க் கழிப்புத்தான். ஆனாலும் திரும்பிப் பார்க்க எனக்கும் துணிவில்லை, மச்சாளுக்கும் இல்லை.

மறுநாள் ஒரு பைகூட இல்லை.

அதற்கு மறுநாளும் இல்லை. மச்சாளின் கன்னம் குழிந்தது. "பார்த்தியா? சபைக்கு ஏலாததை நாலு தேசிக்காய் செய்யுது!"

மூன்றாம் நாள்தான் எனக்கு ஒன்று உறைத்தது. குப்பை வரவில்லை, சரி. போத்தலும் வரவில்லையே?

பள்ளிப் பிள்ளைகள் அடுத்த ஒழுங்கையால் சுற்றிப் போனார்கள். தோணிக்காரர் தோணிகளைத் தள்ளிக் கட்டினார்கள். அது போகட்டும், எங்கள் சங்கப் பெண்களே வரவில்லை. ஒருத்தி மகளுக்குக் கலியாணம் பேசுகிறாளாம், 'இந்த நேரத்தில் வேண்டாமே' என்று ஆள் அனுப்பினாள். சங்கத்து ரீட்டா அக்கா கிறிஸ்தவர், அவர்கூட வேலி வரைக்கும் வந்துவிட்டு நின்றார்.

"நீங்க வேதக்காரர்தானே அக்கா. உங்களுக்கென்ன பயம்?" என்று கேட்டார் மச்சாள்.

"எங்களுக்கு இதில நம்பிக்கை இல்ல தங்கச்சி. பயம் மட்டுந்தான் இருக்கு."

சனிக்கிழமை லொறியும் வந்தது. வீதியிலேயே நின்றது. லொறிக்காரர், நாங்கள் நானா என்று அழைக்கிற முஸ்லிம் அண்ணன், தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்த்தார்.

"உள்ள வாங்க நானா!" என்று கூப்பிட்டார் மச்சாள்.

"தங்கச்சி, நான் ஓதிட்டுத்தான் வண்டி எடுக்கிற. எனக்கு ஒண்டும் ஆகாது."

"அப்ப வாங்களன்!"

"டயர் நாலும் புதுசு, தங்கச்சி."

போய்விட்டார்.

மச்சாள் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னார். "அது நான் வெச்சது. சும்மா வெச்சது." யார் நம்புகிறார்கள்? "அவவை அப்பிடிச் சொல்லச் சொல்லித்தான் ஏவியிருக்கு," என்று ஒரு வீட்டில் சொன்னார்களாம். இன்னொரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். கொட்டிலடியால் போனதுதான் காரணமாம். அவர் முதல் நாள் காய்ந்த வயல் வட்டையில் முழு வெயிலும் நின்று வரம்பு கட்டியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பீ.எச்.ஐ. ஐயாவும் ஒருநாள் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். "குப்பை குறைஞ்சிருக்கு. நல்லம். ஆனா போத்தலும் இல்லையே அக்கா? சும்மா கிடக்கிற இடம் எண்டா சபை திருப்பி எடுத்திரும். எப்பிடியும் மழைக்கு முன்னம் ஒருக்கா வருவன்." சொல்லும்போது அவருடைய கண்ணும் தேசிக்காயில்தான். வண்டியை அவரும் ஓரமாகத்தான் திருப்பினார்.

கடைசியில் எங்கள் அம்மன் கோயில் கட்டாடியாரிடம் போனோம். கட்டாடியார் என்றால் கோயிலில் சடங்கு செய்கிறவர். அன்று மாலை கோயில் முன்றலில் ஊர்க்கூட்டம் வேறு இருந்தது. எல்லோர் முன்னாலும் மச்சாள் கேட்டுவிட்டார்.

"ஐயா, ஒருக்கா வந்து அந்தக் கழிப்பை எடுத்துத் தாங்க. நீங்க எடுத்தாத்தான் சனம் நம்பும்."

"நான் காலையில அந்தப் பக்கம் போனனான்," என்றார் கட்டாடியார். "ஆர் வெச்சதோ தெரியாது. அந்த மாதிரி வெட்டின தேசிக்காய்க்குப் பேய் வராது. வெயில் நேரமெண்டா சர்பத் குடிக்க ஆள் வரும்."

முன்றல் முழுக்கச் சிரிப்பு. வெட்டியவள் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எடுக்கிறன் புள்ள," என்றார் அவர். "எடுத்தா மறுகா குப்பையும் வருமே. அதுக்கென்ன செய்யப்போறீங்க?"

 

மச்சாள் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்தில் யாரோ ஒருவர் சொன்னார்: "கொட்டுறது வெளியாள் மட்டுமில்ல. இன்ன குடி ஆக்கள்தான் முதல்ல தொடங்கின."

"ஆர்? எங்கட குடியா? வாயை அளந்து பேசு மச்சான்!"

"சாமத்தியவீட்டு வாழையிலை எல்லாம் ஆர் வீட்டால வந்த?"

"அப்ப அந்த மெத்தை? அது உன்ட மாமன்ட மெத்தை! அதில நானே படுத்திருக்கன்!"

கூட்டம் இரண்டாய், நாலாய்ப் பிரிந்து கத்தியது. வெளிமாவட்ட வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. அது தாய்வழியாக வரும். ஒரே குடிக்காரர் எந்த ஊரில் இருந்தாலும் அண்ணன் தங்கை முறை, அதனால் கலியாணம் செய்யமாட்டார்கள். ஆக, மச்சாள் என்றாலே வேறு குடிதான். அண்ணனும் நானும் ஒரு குடி, யோகம் மச்சாள் வேறு. குடியை வைத்துப் பெரிது சிறிது பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனால் வைகாசியில் அம்மனுக்கு நடக்கிற சடங்கு பிடிக்கும். சடங்கின் ஒவ்வொரு நாளும் ஒரு குடிக்குரியது. அந்த நாளில் பந்தல், பூ, பொங்கல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. நேற்றைய குடி ஒரு தோரணம் கட்டினால் இன்றைய குடி இரண்டு கட்டும். தங்கள் நாளில் ஒரு குத்துவிளக்கு அணைந்தால்கூட வருடம் முழுக்க மச்சான்மார் சொல்லிக்காட்டுவார்கள்.

நான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மெத்தைக்காக இவ்வளவு ரோசமா... மச்சாளின் காதில் மெல்லச் சொன்னேன்: "மச்சாள், சடங்கு மாதிரிக் கொட்டிலுக்கும் நாள் பிரிச்சுக் குடுத்தா என்ன?"

மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று ஒரு சத்தம் போட்டார். "எல்லாரும் பொத்துங்க வாயை! என்ட மச்சாள் ஒண்டு சொல்லப்போறா!"

நான் அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போகத் தயாராக இருந்தேன். மண் விடவில்லை. சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்தவர் பின்வரிசைக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் விளங்கிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு குடி. அந்த நாள் விடிந்ததிலிருந்து மறுநாள் விடியும்வரை கொட்டிலடி அவர்கள் காவல். அன்று அங்கே ஒரு பை விழுந்தால் அது அவர்கள் முகத்தில் விழுந்த மாதிரி.



"எங்களுக்குக் குடி இல்லையே?" என்றார் ரீட்டா அக்கா. "எங்கட சேர்ச் அன்பியத்துக்கு ஒரு நாள் தாங்க. ஞாயிறு பூசை முடிய வாறம்."

"எங்கட குடிக்கு முதல் நாள்!" என்றது ஒரு குரல். "ஏன், உங்களுக்கென்ன முதல் நாள்?" என்றது இன்னொன்று. அவ்வளவுதான். கட்டாடியார் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை வந்து தேசிக்காயையும் எடுத்துவிட்டார்.

முதல் குடி வந்து, கிடந்த குப்பை முழுவதையும் உழவு மெஷின் பெட்டியில் அள்ளிச் சபையின் குப்பை மேட்டில் சேர்த்தது. மெத்தையை அந்த மாமனே தலையில் தூக்கிக்கொண்டு போனார். இரண்டாவது குடி கூட்டித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டது. போத்தல் கொட்டிலுக்குக் கோலம்! மூன்றாவது குடி சும்மா இருக்குமா? தோரணம். நாலாவது குடி லவுட்ஸ்பீக்கர் கொண்டுவர, பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கிறது என்று நாங்கள் கெஞ்சித் திருப்பி அனுப்பினோம். அன்பியத்தின் நாளில் போத்தல் கொண்டுவந்த எல்லோருக்கும் தேத்தண்ணீர். நானாவும் உள்ளே வந்து குடித்தார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஊராருக்குக் குப்பை கொட்ட வழியில்லை. எந்த நேரத்தில் போனாலும் அங்கே ஒரு மச்சானோ மச்சாளோ கதிரை போட்டு இருக்கிறார். பையோடு போய் எந்த முகத்தோடு நிற்பது? வெளியூர் ஹெல்மெட்டுகளும் கூட்டத்தைக் கண்டு வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஆனால் மானம் இருக்கும் இடத்தில் கேலியும் இருக்குமே. மச்சாள் என்னை விடவில்லை.

"மற்றக் குடி எல்லாம் சரி கா. உங்கட குடி நாளிலதான் பை விழும், பார். உங்கட ஆக்கள் சோறு திண்டா எழும்பமாட்டாங்க."

எங்கள் நாள் வந்தது. வானம் காலையிலேயே கறுத்திருந்தது. பீ.எச்.ஐ. ஐயா எந்த நேரமும் வரலாம் என்ற நிலை. எங்கள் ஆட்கள் காலையில் நிறையப் பேர் இருந்தார்கள். மத்தியானம் ஆனதும் ஒவ்வொருவராகச் சாப்பிடப் போனார்கள். மச்சாள் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தபோது நான் தனியாக இருந்தேன். நானும் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையும்.

ஒரு சின்ன லொறி வந்து பின்பக்கமாகத் திரும்பியது. ஏதோ கலியாண மண்டபத்துச் சாமான். வாழையிலை, சோறு, கார்ட்போர்ட் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், எல்லாம் ஒன்றாகக் குவிந்திருந்தன. இலையான் கூட்டம் மொய்த்துக்கொண்டு லொறிக்கு முன்னமே வந்துவிட்டது. சாரதி முப்பது வயது மதிக்கத்தக்கவர். என்னைக் கவனிக்கவே இல்லை. இறங்கிப் பின்கதவின் கொளுக்கியைக் கழற்றப் போனார்.

கத்த வேண்டும். எனக்குத் தெரியும். மச்சாளாக இருந்தால் வாவிக்கு அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 

அப்போது நான் செய்தது இதுதான். கதிரையைத் தூக்கினேன். அவர் கொட்டப்போகிற இடத்தில், லொறியின் வாலுக்கு நேரே வைத்தேன். அதில் உட்கார்ந்துகொண்டேன்.

"அக்கா, கொஞ்சம் தள்ளுங்க."

நான் தள்ளவில்லை.

"அக்கா, உங்களுக்குத்தான். மேல கொட்டுப்படப்போகுது."

முந்தானையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைக் குனிந்து பார்த்தார். அவருடைய முகம் இரக்கமாக மாறியது. பாவம், எனக்குப் பேச வராது என்று நினைத்துவிட்டார். உடனே கையால் பேசத் தொடங்கினார். லொறியைக் காட்டினார். நிலத்தைக் காட்டினார். இரண்டு கையையும் விரித்து 'இஞ்ச... கொட்டிட்டு... போயிருவன்' என்று அபிநயம் பிடித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததும் தொண்டை திறந்தது.

"இண்டைக்கு எங்கட குடிட நாள், தம்பி. இஞ்ச ஒண்டும் விழ ஏலா."

அவர் திடுக்கிட்டுப்போனார். "கதைப்பீங்களா! மறுகா ஏன் அக்கா சும்மா இருந்தீங்க... என்ன நாள்? குடிட நாளா? இதென்ன கோயிலா?"

"கோயில் இல்ல. எண்டாலும் நாள் நாள்தான்."

"நான் வெல்லாவெளிப் பக்கம் அக்கா. எங்கட ஊர்ச் சடங்கிலயும் நாள் இருக்கு. குப்பைக்கு நாள் வெச்ச ஊரை இப்பத்தான் காணுறன்." தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, எங்கள் பக்கத்து ஆள் எவரும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார். "நீங்க என்ன குடி?"

சொன்னேன்.

அவர் கொளுக்கியிலிருந்து கையை எடுத்தார். போய் எஞ்சினை நிறுத்தினார். திரும்பி வந்து நின்றார்.

"என்ட அம்மாவும் அதுதான் அக்கா."

அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து அவ்வளவு பேச்சு வந்ததோ தெரியாது. "அப்ப நீங்க எனக்குத் தம்பி. இண்டைக்கு உங்கட நாளும்தான். கொட்டுறதெண்டா கொட்டுங்க. நாளைக்கு இந்த ஊர் மச்சான்மார் சிரிப்பாங்க. என்னை மட்டும் பார்த்துச் சிரிக்கமாட்டாங்க."

அவர் லொறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கறுத்த வானத்தையும் பார்த்தார்.

"சபைப் பசளைக் கிடங்கில கன நேரம் லைன்ல நிக்கணும் எண்டுதான் இஞ்சால வந்த நான்," என்றார் மெதுவாக. "வேற ஆராவது இருந்தா கொட்டிட்டே போயிருப்பன் அக்கா. இதென்ன, சொந்தத் தமக்கைட மடியில கொட்டச் சொல்லுறீங்க?"

பிறகு என்ன? அவர் மேலே ஏறிப் போத்தல்களை ஒவ்வொன்றாக எறிந்தார். நான் கீழே நின்று சாக்கில் போட்டேன். கார்ட்போர்ட் வேறு, டின் வேறு. சோறும் இலையும் மட்டும் லொறியில் மிஞ்சியது. அதைப் பசளைக் கிடங்குக்கே கொண்டுபோனார். போகும்போது "வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். என் கூடப்பிறந்த அண்ணன்கூட அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை.

சாப்பிட்டுவிட்டு எங்கள் ஆட்கள் வந்தபோது கொட்டில் வாசலில் மூட்டை மூட்டையாகப் போத்தல். நடுவில் நான். நடந்ததைச் சொன்னேன். மச்சாளும் ஓடிவந்தார், எங்கள் நாள் கெட்டதா என்று பார்க்கத்தான் வந்தார். மூட்டைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"நீயா கா மறிச்சாய்?"

"ஓம்."

"வாயாலயா?"

"முதல்ல கதிரையால."

மச்சாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கன்னமும் குழிந்ததை அன்றுதான் பார்த்தேன். அது நீண்ட நேரம் நிற்கவில்லை. உடனே நியாயம் பேச ஆரம்பித்துவிட்டார். "அது சரி, இதென்ன கள்ள ஆட்டம்? வெளியூரில இருந்து உங்கட குடி ஆளை இறக்கிப் போத்தல் சேர்க்கிறீங்களா? இது எடுபடாது!"

மறுநாள் விடிய மழை பிடித்தது. நல்ல மழை. அது கொஞ்சம் விட்டதும் பீ.எச்.ஐ. ஐயா வந்தார், மழைக்கோட்டோடு. கொட்டிலைச் சுற்றி வந்தார். கோம்பை தேடினார், இல்லை. தண்ணீர் நிற்கிற டின் தேடினார், இல்லை. மூட்டைகளைத் தட்டிப் பார்த்தார். பள்ளிப் பிள்ளைகள் குடையோடு கொட்டிலடியாலேயே போய்க்கொண்டிருந்தார்கள். அவர் கோட்டுப் பொக்கெட்டில் கனமாக ஏதோ கிடந்தது. மச்சாளின் கண்ணுக்கு அது தப்புமா?

"பூட்டுத்தானே ஐயா? அதைத் தந்திட்டுப் போங்க. ராவைக்கு நாங்களே போட்டுட்டுத் துறக்கிறம்."

அவர் சிரித்தபடி எடுத்துக் கொடுத்துவிட்டார்.

வாவி சுத்தமாகிவிட்டது என்று நான் பொய் எழுதமாட்டேன். வாவி பெரியது, எங்கள் ஊர் சின்னது. அண்ணனின் வலையில் இன்னமும் பை வருகிறது. ஆனால் இப்போது அவர் அதை வாசலில் போட்டுவிட்டுப் படுப்பதில்லை. அலசிக் காயவைத்து வைத்திருக்கிறார்... எங்கள் நாளில் கொண்டுபோய்க் கொடுக்க. மச்சாள் தன் குடி நாளுக்குக் கேட்டால் கொடுக்கமாட்டேன் என்கிறார். ஒரு கிழிந்த பொலித்தீனுக்காகப் புருசனும் பெண்சாதியும் சண்டை பிடிக்கிற வீடு எங்கள் ஊரில்தான் இருக்கும். சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

நான் கண்டுகொண்டது ஒன்றுதான். சட்டத்துக்கு எங்கள் சனம் பயப்படவில்லை. பேய்க்குப் பயந்தது, அதுவும் ஒரு கிழமை. மச்சாள்மாரின் வாய்க்கு இருக்கிற பயமோ... ஆயுளுக்கும்!